நிவேதா கல்யாண ஃபோல்டர்

அந்த நீலச் சொட்டு மறுபடியும் வழுக்கிவிட்டது. சென்னியப்பன் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மொபைல் திரையில் வாக்கியத்தின் முதல் சொல்லின் மேல் வைத்து அழுத்தினான். சொல் நீலமானது, அதன் இரு பக்கமும் இரண்டு சொட்டுகள் தொங்கின, வலது சொட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தான், முற்றுப்புள்ளி வரைக்கும் வந்தால் போதும், ஆனால் அது ஒன்று முற்றுப்புள்ளிக்கு முன்னாலேயே நின்றுவிடும், இல்லையென்றால் அடுத்த பத்தியை மொத்தமாக விழுங்கிவிடும், நடுவில் நில் என்றால் நிற்காது. 'சிறுநீரக தானம் செய்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.' பெரும்பாலோர் சரி, மிச்சப் பேர் எங்கே போனார்கள், அவர்களைப் பற்றி எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, எழுதவே இல்லையா, எழுதினால் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்களா. 'பகிர்' என்பதை அமுக்கிக் குறிப்புச் செயலியின் படத்தைத் தொட்டான். 'சேமிக்கப்பட்டது' என்று கீழே ஒரு பட்டை வந்து போனது. அந்தப் பட்டை வந்து போகிற நேரம் மட்டும் நெஞ்சில் இருக்கிற பாரம் கொஞ்சம் இறங்கும், பட்டை மறைந்ததும் திரும்ப ஏறி உட்கார்ந்துகொள்ளும், உடனே இன்னொரு வரி வேண்டும். இப்படியே காலையிலிருந்து கோயமுத்தூரின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், முதல் மாடிக் கூடத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து வரி வரியாக வெட்டிக்கொண்டிருந்தான். எதிரே ஒரு கதவு. கொஞ்ச நேரத்தில் அது திறக்கும், இவன் பேரை மட்டும் கூப்பிடுவார்கள், உள்ளே தனியாகப் போக வேண்டும். எஸ்தர் என்கிற உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் அம்மா, உங்கள் அக்காவுக்கு உங்கள் சிறுநீரகத்தைச் சொந்த விருப்பத்தோடு கொடுக்கிறீர்களா என்று கேட்பார். ஆமாம் என்றால் அடுத்த வாரம் ஆபரேஷன். இல்லை என்றால் இல்லை. கேள்வி இவ்வளவுதான், வீட்டில் மனைவி கோகிலா காலையில் இட்லிக்குச் சட்னியா பொடியா என்று கேட்பது இதைவிட நீளம்.

பதில் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது, அதுதான் வேடிக்கை. இரத்தமும் திசுவும் ஒத்துப்போகிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, அந்தச் சின்ன அறையில் அக்கா, மாமா, கோகிலா எல்லாரும் நின்றுகொண்டிருக்க, 'எடுத்துக்கங்க' என்று சொன்னவன் இவன்தான். யோசிக்கவே இல்லை. வாய் பாட்டுக்குச் சொல்லிற்று. மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், அவருக்குச் சர்க்கரை, அவரிடமிருந்து எடுக்க முடியாது, அக்கா மகள் நிவேதா வயிற்றுப் பிள்ளையோடு ஓசூரில் இருக்கிறாள், அவளிடம் கேட்கவே முடியாது, ஆகக்கூடி இவன்தான். அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏன் ஜன்னலைப் பார்த்தாள், அங்கே ஏசி மிஷினின் பின்பக்கமும் ஒரு புறாவும்தானே இருந்தன. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலில் வண்டி நின்றபோது முதல் முறையாக விலாவுக்குக் கீழே ஒரு இடம் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. வலி இல்லை, குத்தல் இல்லை, சும்மா ஒரு இடம். இத்தனை வருஷம் இவனை ஒரு வார்த்தை கேட்காமல் வேலை பார்த்த இடம். சாய்ந்தரம் மொபைலில் தேடினான். ஒரு பக்கம் திறந்தது, அதிலிருந்து இன்னொன்று, அதில் ஒரு வரி, மறந்துவிடக் கூடாதே என்று வெட்டி எடுத்து வைத்தான். அப்படி ஆரம்பித்தது, பிறகு பல் தேய்க்கும்போதும் இன்னொரு கையில் மொபைல் இருந்தது. வெளியே எல்லோரும் தெய்வம் மாதிரி தம்பி என்றார்கள். தெய்வம் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒற்றைச் சிறுநீரகத்தோடு எத்தனை வயது வரை இருக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தது.

தேடுவது அவன் தொழில் புத்தி என்றும் சொல்லலாம். பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கையேடு எழுதுகிற வேலை. மோட்டாரோடு பெட்டிக்குள் வைத்து அனுப்புகிற, பெட்டியைப் பிரித்ததும் எல்லோரும் தூக்கிப் போடுகிற அந்தச் சின்னப் புத்தகம். தண்ணீர் இல்லாமல் ஓட்டாதே, ஈரக்கையோடு தொடாதே என்று கட்டம் கட்டி எழுதுவான். எழுதியதை ஒருத்தரும் படிப்பதில்லை என்று தெரிந்தும் எழுதிக்கொண்டிருப்பதால், மற்றவர்கள் எழுதிய எச்சரிக்கைகளையாவது தான் படித்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு வீம்பு உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் படித்தது குறைவு, வெட்டியதுதான் அதிகம். முழுப் பக்கமும் படிக்கத் தைரியம் வரவில்லை. கண் ஓட்டத்தில் ஒரு வரி தட்டும், நல்ல வரியோ கெட்ட வரியோ, உடனே நீலமாக்கி உள்ளே போட்டுவிடுவான், பிறகு படித்துக்கொள்ளலாம் என்று. பிறகு என்பது வரவே இல்லை. 'மீதமுள்ள சிறுநீரகம் சற்றே பெரிதாகி இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்ளும்' என்று ஒன்று, சந்தோஷமாகத்தான் இருந்தது, சந்தோஷப்பட்ட கையோடு, பெரிதாகும் என்றால் எவ்வளவு பெரிதாகும், இடிக்காதா என்று ஆரம்பித்துவிட்டது. 'கொடையாளருக்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்தம் வரக்கூடும், ஆனால்' என்று ஒன்று. அதோடு நிற்கிறது. அந்தச் சனியன் பிடித்த சொட்டு 'ஆனால்' வரைக்கும் வந்து நின்றிருக்கிறது, இவனும் கவனிக்காமல் சேமித்திருக்கிறான். எந்தப் பக்கத்தில் எடுத்தான் என்று ஞாபகம் இல்லை, தேடினால் கிடைக்கவில்லை. சாப்பிடும்போதும், ஆபீஸில் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதும், அந்த 'ஆனால்' வந்து நிற்கும், அதற்குப் பின்னால் ஒன்றும் வராது. இவனாகவே ஒட்டிப் பார்ப்பான், ஆனால் மாத்திரை போட்டால் சரியாகிவிடும், ஆனால் அது அபூர்வம், ஆனால் அதற்குள் நீ இருக்க மாட்டாய். காலையில் ஒன்று ஒட்டும், மத்தியானம் இன்னொன்று.

இதெல்லாம் கோகிலாவுக்குத் தெரியக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தான். கோகிலா இந்த விஷயத்தில் சொன்னது ஒரே வார்த்தை, 'உங்க இஷ்டம்'. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் 'உங்க இஷ்டம்' என்ற வார்த்தைக்குப் பிறகு எந்தக் காரியமும் நல்லபடியாக நடந்ததில்லை. மனைவியின் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டாள், பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது மூடியைப் போடாமல் கொடுத்தாள், அதைப் பற்றி இவன் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தான். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர், யார் முகத்திலும் பயத்தைக் கண்டுபிடித்துவிடுவாள், இவன் மொபைலையும் சாதாரணமாக எடுத்துப் பார்ப்பாள், கேஸ் புக் பண்ணியாச்சா என்று பார்ப்பாள், பையன் ஹாஸ்டலிலிருந்து மெசேஜ் போட்டானா என்று பார்ப்பாள். அவள் கண்ணில் 'தானம் கொடுத்த பிறகு மனச்சோர்வு' என்கிற வரி பட்டால் என்ன ஆவது. அதனால் செயலியில் புதிதாக ஒரு ஃபோல்டர் போடவில்லை. புதிதாக இருந்தால்தானே கண்ணை உறுத்தும். பழைய ஃபோல்டர்களில் செத்துப்போனது எது என்று பார்த்தான். 'நிவேதா கல்யாணம்' என்று ஒன்று இருந்தது. சமையல்காரர் நம்பர், பந்தல்காரர் நம்பர், மாப்பிள்ளை வீட்டார் தங்குவதற்கு எடுத்த ரூம்கள், யாருக்கு எந்த பஸ் என்று அக்கா மகள் கல்யாணத்துக்காகப் போட்டு வைத்தது. கல்யாணம் முடிந்து அந்தப் பெண்ணுக்குக் குழந்தையே பிறக்கப்போகிறது, இனி அந்த ஃபோல்டரை யார் திறக்கப்போகிறார்கள். சேமிக்கிறதெல்லாம் நேராக அங்கேயே போய் விழும்படி வைத்துவிட்டான். தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டான், சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் கீழே தன் பயம் பத்திரமாக இருக்கிறது என்று.

கதவு திறந்தது. இவன் எழுந்தே விட்டான். வேறு யார் பேரோ. உட்கார்ந்தான். அக்கா தமயந்தி மேல் மாடியில் டயாலிசிஸில் படுத்திருக்கிறாள், இன்றைக்கு அவள் முறை; அங்கே போய்ப் பார்க்கலாம், போனால் முகத்தைப் பார்க்க வேண்டும். சரி, இல்லை என்று சொல்வதென்றால் எப்படிச் சொல்வது. அதற்கு ஒரு காரணம் வேண்டும், பயம் என்பது ஒரு காரணமா, ஆம்பிளை, அதுவும் வாயால் கொடுத்துவிட்டு. அக்கா மேல் ஏதாவது கோபம் இருந்தாலாவது பிடித்துக்கொள்ளலாம். தேடினான், இணையத்தில் தேடுகிற மாதிரியே தேடினான், தமயந்தி, தப்பு, துரோகம். கிடைத்ததெல்லாம் ஒரு தேங்காய் பன். ஏழாவது படிக்கும்போது லட்சுமி மில் ஸ்டாப் பேக்கரியிலிருந்து ஆளுக்குப் பாதி என்று வாங்கிக்கொண்டு வந்தவள், வழியிலேயே இவன் பாதியையும் தின்றுவிட்டு, நாய் பிடுங்கிக்கொண்டது என்றாள். வாயோரத்தில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. அப்புறம் இவன் கல்யாணத்தில் ஜாக்கெட் துணி விஷயமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வேளை சாப்பிடவில்லை. அவ்வளவுதான். இத்தனை வருஷத்துக்கு ஒரு பன்னும் ஒரு ஜாக்கெட் துணியும், இதை வைத்துக்கொண்டு ஒருத்திக்குச் சிறுநீரகம் இல்லை என்று சொல்ல முடியுமா. அவள்மேல் அவனுக்குக் கோபம் வந்தது, கோபப்பட ஒன்றுமே செய்து வைக்கவில்லையே என்று. உடனே வெட்கமாகவும் இருந்தது. வாய் கசந்தது, காலையில் குடித்த காபியா, இல்லை வேறு ஏதாவதா, வாய் கசப்பது சிறுநீரகக் கோளாறின் அறிகுறி என்று எங்கேயோ வெட்டி வைத்தோமே, அது அவளுக்கா எனக்கா.

மறுபடி மொபைலை எடுத்தான். கடைசியாக ஒன்றே ஒன்று, இதோடு சரி என்று விரல் தேடியது: 'கடைசி நேரத்தில் மறுக்கும் கொடையாளர்கள்'. ஒரு பக்கம் வந்தது. 'அறுவைச் சிகிச்சைக்கு முன்பு எந்த நேரத்திலும் கொடையாளர் விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.' நீலமாக்கினான், சொட்டு இந்தத் தடவை அருமையாக முற்றுப்புள்ளியில் நின்றது, பகிர், சேமி, பட்டை வந்து போயிற்று. சரியாக விழுந்ததா என்று பார்க்கலாமே என்று செயலியைத் திறந்தான். வழக்கமாகத் திறப்பதில்லை, போட்டதோடு சரி. ஃபோல்டருக்குள் போனான், அடியில் அந்தப் புது வரி இருந்தது. திரையின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் இருந்தது, வட்டத்துக்குள் 'த' என்று ஒரு எழுத்து, பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி. இது என்ன புதிதாக, ஏதாவது அப்டேட் வந்திருக்கும் என்று நினைத்தான். தொட்டான். 'தமயந்தி இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று வந்தது. இவனுக்கு முதலில் புரியவில்லை, எந்தத் தமயந்தி என்றுகூட நினைத்தான். பிறகு உள்ளங்காலிலிருந்து குளிர் ஏறியது. கல்யாணத்தின்போது அவளும் போட வேண்டும், இவனும் போட வேண்டும் என்று, இவனே, தன் கையாலேயே, அந்த ஃபோல்டரை அவளோடு பகிர்ந்து வைத்தான். அவளுக்கு எப்படித் திறப்பது என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததே இவன்தான். பொண்டாட்டியிடமிருந்து ஒளித்து வைக்கிறேன் என்று இத்தனை நாளாகக் கொண்டுபோய்க் கொட்டியதெல்லாம் நேரே யார் மடியில் விழக் கூடாதோ அவள் மடியில் விழுந்திருக்கிறது. பச்சைப் புள்ளி அசையாமல் இருந்தது. தலைக்கு மேலே, இதே கட்டடத்தில், ஒரு கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு, இன்னொரு கையில் மொபைலை வைத்துக்கொண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிற வரியை அவள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள்.

அழித்துவிடலாம். விரல் போயிற்று, 'இருவருக்கும் நீக்கப்படும்' என்று கேட்டது, ஆமாம் என்று அமுக்கப்போனவன் நின்றான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் முன்னால் வரி மறைந்தால் அது இன்னும் அசிங்கம், கையும் களவுமாகப் பிடிபட்டவன் கையை உதறுகிற மாதிரி. மேலே தள்ளிக்கொண்டே போனான், வரிகள் ஓடின, தையல் தழும்பு, மயக்க மருந்து, மனச்சோர்வு, தூக்கக் கூடாத பாரம், அந்த 'ஆனால்', குடும்பத்திடம் மறுப்பைச் சொல்வது எப்படி, எல்லாவற்றுக்கும் மேலே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது சமையல்காரர் நம்பர். எப்போதிருந்து பார்க்கிறாள், இன்றைக்குத்தானா, கடவுளே இன்றைக்கு மட்டும் என்று இருக்கட்டும். ஆனால் நினைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றாக வருகிறது. பாரம் தூக்கக் கூடாது என்று வெட்டி வைத்தான், அந்த வாரம்தானே அக்கா கோகிலாவுக்குப் போன் பண்ணி இனிமேல் கேஸ் சிலிண்டரை அவன் தூக்க வேண்டாம், கொண்டு வருகிற ஆளையே உள்ளே வைக்கச் சொல் என்றாள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று ஒன்று, மாமா ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்து, அக்கா கொடுக்கச் சொன்னாள் என்றார், இவன் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. வலியைப் பற்றி வரிசையாக வெட்டிய நாட்களில் அவளாகவே போனில், நம்ம தெருவில் ஒருத்தர் தங்கச்சிக்குக் கொடுத்திருக்கிறார், நடக்கும்போது இழுக்கும், தும்மினால் கஷ்டம், அப்புறம் மறந்துபோகுமாம் என்று எங்கெங்கோ சுற்றி வந்து சொன்னாள், பேச்சுவாக்கில் சொல்வதாக இவன் நினைத்தான். இவன் பயத்துக்கெல்லாம் அவள் பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். மறுப்பைச் சொல்வது எப்படி என்று வெட்டிய அன்றைக்கு மட்டும் போன் பண்ணி, என்ன குழம்பு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கக் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்தான். அழுகையாகவும் இல்லை, கொட்டாவியாகவும் இல்லை, எதிரில் இருந்த ஒரு பெரியவர் இவனையே பார்த்தார். எழுந்து மாடிப்படி ஏறினான், லிஃப்டுக்கு நிற்கப் பொறுமை இல்லை.

டயாலிசிஸ் வார்டு வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றும்போது ஒரு செருப்பு கவிழ்ந்தது, அதை நிமிர்த்தி வைக்கும் சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தான். உள்ளே வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு இயந்திரம். ஜன்னலோரக் கட்டிலில் தமயந்தி, முகம் கொஞ்சம் உப்பி, இடது கை நீட்டி, அதிலிருந்து சிவப்புக் குழாய்கள் போய் வந்துகொண்டிருந்தன. வலது கையில் மொபைல். இவனைப் பார்த்ததும் அவள் அதை மறைக்கவில்லை, மடியில் கவிழ்த்து வைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார ஸ்டூல் இருந்தது, இவன் நின்றுகொண்டே இருந்தான். என்ன கேட்பது என்று படியேறும்போது நினைத்து வைத்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

"எப்ப இருந்துக்கா பாக்கறே?" என்றான்.

"மொத நாள்ல இருந்து. பக்கத்து வூட்டுல சமையக்காரர் நம்பர் கேட்டாங்கன்னு தொறந்தேன்."

"சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா நிறுத்தியிருவே. நீ எங்கிட்டப் பேசறது அது ஒண்ணுதான். வூட்டுக்கு வந்தா நல்லா இருக்கறயான்னு கேட்டுப்போட்டு டீவியப் பாக்கறே."

இயந்திரம் ஏதோ ஒரு சத்தம் போட்டது, நர்ஸ் வந்து ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போனாள். அவள் போகும்வரை இருவரும் அந்தப் பொத்தானையே பார்த்தார்கள். இவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, எதற்கு என்று தெரியவில்லை, பயந்ததற்கா, அதை அவள் மடியில் கொட்டியதற்கா. அவள் வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தான். உன் உடம்பு உனக்கு முக்கியம் தம்பி, எனக்கு வயசாயிருச்சு, இப்படியே ஓட்டிக்கொள்கிறேன் என்று சொல்வாள், சொன்னால் அழுதுகொண்டே இல்லைக்கா நான் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும், அந்த நாடகத்தில் இரண்டு பேருக்கும் வசனம் மனப்பாடம். அப்படிச் சொல்லிவிடுவாளோ என்று பயமாகவும் இருந்தது, சொல்லிவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசையும் இருந்தது. தமயந்தி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு உன்ற கிட்னி வேணும் சென்னி," என்றாள். "வேண்டாம்னு பெரிய மனுசியாட்டப் பேச எனக்குத் தெரியல. பேசிப் பார்த்தேன், கண்ணாடிக்கு முன்னால நின்னு. வாயில வரல. எனக்குப் பேரப்புள்ளயப் பாக்கோணும். இந்தக் கட்டலுக்கு வந்து வந்து போறது சலிச்சுப்போச்சு. அளந்து அளந்து குடிச்சது போதும், ஒரு சொம்புத் தண்ணி மொண்டு முழுசாக் குடிக்கோணும். அதனால கேக்கறேன். குடுப்பயா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்து பேசினாள், எஸ்தரிடம் தான் நேற்றே பேசிவிட்டதாகச் சொன்னாள். உள்ளே அவன் என்ன சொன்னாலும் அது அந்த அறையை விட்டு வெளியே வராதாம். வேண்டாம் என்றால் கடைசிப் பரிசோதனையில் பொருந்தவில்லை என்று மட்டும்தான் ஆஸ்பத்திரியில் சொல்வார்களாம். தானும் மாமாவிடம் அப்படியே சொல்லிவிடுவாள், கோகிலாவிடமும், நிவேதாவிடமும். அதை நம்பாதது போல் ஒரு நாளும் நடந்துகொள்ள மாட்டாள். "ஆனா ஒண்ணு," என்றாள், "எனக்காகச் செரின்னு பொய் சொல்லிப்போட்டு வராதே. அது உள்ள வந்து உக்காந்துட்டு என்னயத் தூங்க வுடாது." இவ்வளவு பேசியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது, கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைகள் நடுங்கின. அவளுக்கும் பயம்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை பக்கங்களில் இத்தனை வரிகளை வெட்டியவன், வாங்கிக்கொள்கிறவர்களின் பயத்தைப் பற்றி ஒரு வரிகூட வெட்டவில்லை. அவள் காலடியில் போர்வை விலகியிருந்தது, இழுத்து மூடிவிட்டுக் கீழே இறங்கினான்.

கூடத்துக்கு வருவதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. சென்னியப்பன் என்று கூப்பிட்டார்கள். உள்ளே எஸ்தர், கண்ணாடி போட்ட, நிதானமான பெண்மணி, மேஜையில் ஒரு சின்னச் செடி. உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்றார், இங்கே பேசுவது நமக்குள்ளேயே இருக்கும் என்றார். விலாவுக்குக் கீழே அந்த இடம் இருந்தது, உட்கார்ந்ததும் அதுவும் சேர்ந்து உட்கார்ந்தது. பேர், வயது, உறவுமுறை என்று அவர் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தார், இவன் பதில் சொல்லிக்கொண்டே வந்தான், சொல்லிக்கொண்டே அந்த 'ஆனால்' எங்கே என்று மனசுக்குள் தேடினான், இருந்தது, அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் இன்னும் ஒன்றும் வரவில்லை, வராது போலிருக்கிறது, அறுத்துத் தைத்து வீட்டுக்குப் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் வரும். எஸ்தரின் பேனா முனை படிவத்தில் அடுத்த கட்டத்தின் மேல் வந்து நின்றது.

"யாராச்சும் உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா சார்? சொந்தக்காரங்க, வீட்ல, யாராச்சும்?"

"எங்கக்கா கேட்டாங்க," என்றான்.

எஸ்தர் தாளிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்டதற்காக என்றால் இதை இப்போதே இங்கேயே நிறுத்திவிடலாம், ஒருத்தருக்கும் எதுவும் தெரியாது என்று மெதுவாகச் சொன்னார். சென்னியப்பன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கை ஈரமாக இருந்தது. வாய் பாட்டுக்குச் சொல்லிவிடக் கூடாது, இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க. இன்னமும் இருக்குது, போகாது," என்றான். "ரிசல்ட் வந்தன்னைக்கு எல்லாரும் என்ற மூஞ்சியப் பார்த்தாங்க, நானா எடுத்துக்கங்கன்னு சொல்லிப்போட்டேன். குடுப்பயான்னு ஒருத்தரும் கேக்கலீங்க. இன்னைக்குத்தான் எங்கக்கா கேட்டா. அவளுக்கு இன்னும் நான் பதில் சொல்லலீங்க."

"என்ன சொல்லப் போறீங்க?"

"குடுக்கறேன்னு. எழுதிக்கங்க, நான் மேல போய் அவகிட்டச் சொல்லோணும்."